எப்படியும் போகப் போறோமே

1

போன நவம்பர்ல எங்க வீட்டு அடுப்பு செத்துப்போச்சு. சாம்பார் பாதி கொதியில இருக்கும்போது உள்ளுக்குள்ள 'டப்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான், நாலு தட்டும் ஒண்ணா அணைஞ்சிது. எங்க மாமா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. காலமெல்லாம் மெஷின் கம்பெனியில வேலை பார்த்த மனுஷன், அதுக்கு முந்தின மாசம்தான் ரிட்டயர் ஆனவரு, கைக்கு ஒரு வேலை கெடைச்சா விடுவாரா? பின்பக்கத் தகட்டைக் கழட்டினாரு, டார்ச் அடிச்சிப் பார்த்தாரு, மோந்து பார்த்தாரு. கடைசியில கையைத் தொடைச்சிக்கிட்டு, இது தேறாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டு டிவி பாக்கப் போயிட்டாரு. சாம்பார் அப்படியே கெடந்துது.

மாமான்னு நான் சொல்றது என் வீட்டுக்காரரைத்தான். சொந்த அத்தை மகன். அவருக்குக் கடலூரு, எனக்குச் சிதம்பரம். இப்ப இருக்கறது ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல. அவரு கம்பெனி வேலைக்கு வந்தாரு, நான் அவர் பின்னாடி வந்து, பாஷை படிச்சி, அப்புறம் இங்க இருக்கற முதியோர் இல்லத்துல வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்திநாலு வருஷம் ஓடிப்போச்சு. ஒரே பொண்ணு, இனியா, வடக்க ஹாம்பர்க்ல வேலையா இருக்கா.

இந்த ஊர்ல ஒரு வழக்கம் இருக்குது, அதைச் சொன்னாதான் அடுப்புக் கதை புரியும். இங்க வீடு வாடகைக்கு விட்டா வெறும் சுவரைத்தான் விடுவாங்க. சமையக்கட்டுன்னு ஒரு ரூம் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. சுவத்துலேருந்து ஒரு தண்ணிப் பைப்பு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும். மேடை, ஸிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் குடி வர்றவங்கதான் கடையில அளவு கொடுத்துப் போட்டுக்கணும். காலி பண்ணும்போது கழட்டிக்கிட்டுப் போகணும், இல்லன்னா அடுத்து வர்றவங்ககிட்ட பேசி வித்துட்டுப் போகலாம். கல்யாணத்துக்குப் பொண்ணுக்குச் சீர் வாங்கற மாதிரி இவுங்க சமையக்கட்டு வாங்குவாங்க, அவ்வளவு யோசனை, அவ்வளவு பேச்சு.

நாங்க குடி வந்தப்ப முன்ன இருந்த ஆளு அவரோட பழைய சாமானை விட்டுட்டுப் போயிருந்தாரு. ஒரு அடுப்பு, இரும்புக் காலு வெச்ச ஒரு ஸிங்க், நீளமா ஒரு மர மேடை. தூக்கிப் போட ஆள் வரும்னு சொன்னாரு. மாமாதான் வேணாம் இருக்கட்டும்னுட்டாரு. ரெண்டு மூணு வருஷம்தானே, எப்படியும் போகப் போறோமே, எதுக்குப் புதுசுன்னாரு. அந்த ஆளு ஆறடிக்கு மேல வளர்ந்தவரு, மேடை என் நெஞ்சுக்கு வந்துது. நான் ஒரு பலகையைப் போட்டு அது மேல நின்னு தோசை ஊத்தினேன். அன்னைக்கு ஏறின பலகையிலேருந்து இன்னும் எறங்கலை.

சமையக்கட்டு மட்டுமா? எப்படியும் போகப் போறோமேங்கற அந்த ஒரு பேச்சுக்கு எங்க வீட்ல எல்லாமே கட்டுப்பட்டுது. ஜன்னலுக்குத் திரை வாங்கலை, பழைய பெட்ஷீட்டை வெட்டி மாட்டினோம். சோபா ஒருத்தர் வீடு மாத்தும்போது கொடுத்துட்டுப் போனது, ஒரு காலுக்கு அடியில இன்னும் டெலிபோன் டைரக்டரி இருக்குது. பால்கனியில ரோஜா வெக்கணும்னு ஆசைப்பட்டேன், யாரு தண்ணி ஊத்தறது, போகப் போறோமேன்னாரு. அந்தக் கோவத்துல நான் வெச்ச கருவேப்பிலை இப்ப என் தோளுக்கு நிக்குது.

அதனால அடுப்பு செத்த அன்னைக்கு நான் ஒரு முடிவோட போயி டிவியை அணைச்சேன்.

"ஒண்ணு, இங்க எனக்கு ஒரு சமையக்கட்டு போடுங்க. இல்ல, ஊருக்குப் போயி அங்க போடுங்க. எங்கன்னு இந்தத் தையில எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவரு என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது, ரிட்டயர் ஆயாச்சு, கடலூருக்குப் போறோம்னாரு. சிதம்பரத்துக்குன்னேன் நான். சாம்பார் ஆறிப்போயி பக்கத்து வீட்டு அடுப்புல சூடு பண்ணி வாங்கிட்டு வந்து சாப்பிட்டோம்.

2

கடலூரா சிதம்பரமாங்கறது எங்க வீட்ல நேத்து இன்னைக்கு வந்த சண்டையில்லை. பஸ்ல ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தா ஒரு ஊர்லேருந்து இன்னொரு ஊரு வந்துடும். ஆனா எங்க ரெண்டு பேருக்கும் அது ரெண்டு தேசம்.

கடலூர்ல பெஞ்ச மழையெல்லாம் கெடில ஆத்துல வந்து நிக்கும், தெருவுல படகு விடுவாங்க, புயல்னு ஒண்ணு கெளம்புனா வழி கேட்டுக்கிட்டு நேரா உங்க ஊருக்குத்தான் வரும், முதுநகர் பக்கம் காத்து திரும்புனா கெமிக்கல் கம்பெனி வாடை மூக்கைப் புடுங்கும். இது நான் சொல்றது. சிதம்பரத்துல நாலு வீதியை விட்டா என்னா இருக்குது, கடலு உண்டா, ஒரு கலெக்டர் ஆபீஸ் உண்டா, கத்திரிக்காய் கொத்சைத் தவிர உங்களுக்கு வேற என்னா தெரியும்? இது அவரு சொல்றது. ஞாயித்துக்கிழமையானா இந்தச் சண்டை கட்டாயம் உண்டு. அதையும் மெதுவான குரல்லதான் போடணும். இங்க ஞாயித்துக்கிழமை சத்தமே கூடாது. கிரைண்டர் போட்டா கீழ் வீட்டம்மா துடைப்பக் கட்டையால அவுங்க வீட்டு உத்தரத்தை இடிப்பாங்க. அதனால ஒருத்தரை ஒருத்தர் குசுகுசுன்னு திட்டிக்குவோம்.

டிசம்பர்ல முனிசிபல் ஆபீசுக்குப் போனோம். ஜெர்மனியில சும்மா கெளம்பிப் போயிட முடியாது. நான் இந்த ஊரை விட்டுப் போறேன்னு ஆபீஸ்ல போயி சொல்லி, எழுதிக் கொடுத்து, சீல் வாங்கணும். அந்தச் சீல் இல்லன்னா பேங்க், இன்ஷூரன்ஸ், டிவி கட்டணம் ஒண்ணையும் நிறுத்த முடியாது. டிவி கட்டணக்காரன் கடலூருக்கே வந்து நிப்பான்னு எங்க மாமா நம்பறாரு. அதுக்கு என்னென்ன வேணும்னு சும்மா விசாரிச்சி வெச்சுக்கலாம்னுதான் போனோம்.

கவுன்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. நல்ல மரியாதையா உக்கார வெச்சா. எப்ப போறீங்கன்னு கேட்டா, இன்னும் முடிவாகலைன்னோம். எந்த அட்ரஸுக்குப் போறீங்கன்னு கேட்டா. மாமா கடலூருன்னு ஆரம்பிச்சாரு. சிதம்பரம்னு நான் ஊடால பூந்தேன். அந்தப் பொண்ணு கடலூருன்னு எழுதி, அடிச்சி, மறுபடியும் எழுத்துக் கூட்டி என்னைப் பார்த்துது. அதுக்குள்ள எங்களுக்குத் தமிழ்ல முத்திப்போச்சு. உன் தம்பி வீட்டு மாடியில நான் போயி ஒண்டிக்கினு இருக்கணுமான்னாரு. உங்க ஊர்ல இப்ப உங்களுக்குன்னு என்ன இருக்குது, இருந்த வீட்டையும் வித்துட்டு நிக்கிறீங்கன்னேன். பின்னாடி வரிசையில நின்னவங்க எல்லாம் அமைதியா வேடிக்கை பார்த்தாங்க. ஜெர்மன்காரங்க வரிசையில நிக்கும்போது கோவிக்கவே மாட்டாங்க, அது ஒரு நல்ல குணம்.

கடைசியில அந்தப் பொண்ணு பேனாவை மூடி வெச்சிட்டு, அவசரமே இல்லை, நல்லா யோசிச்சிட்டு வாங்க, நாங்க எங்கயும் போயிட மாட்டோம்னு சொல்லிச்சி. வெளிய வந்து பனியில நடக்கும்போது எங்க ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கலை.

3

கிறிஸ்துமஸ் லீவுக்கு இனியா வந்தா. கூட யோனாஸ். யோனாஸ் அவளுக்குச் சினேகிதன், அதுக்கு மேல என்னன்னு நாங்க கேக்கலை, கேக்காமலே தெரியுது. பையன் தங்கமான பையன். நான் தற்காலிகமா வாங்கி வெச்சிருந்த ஒத்தைத் தட்டு அடுப்புல ஒவ்வொண்ணா சமைச்சி எறக்கறதைப் பார்த்துட்டு, பாத்திரம் கழுவ அவனே வந்து நின்னான். அந்த மேடை அவனுக்குச் சரியா இருந்துது. பாவி, எனக்குப் பொறாமையா இருந்துது.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னோம். அப்பா ரிட்டயர் ஆயாச்சு, தையில போயி வீடு பாக்கப் போறோம்னு. இனியா பேசற தமிழ் ஒரு தினுசு. வார்த்தையெல்லாம் நம்ம வார்த்தை, வரிசை மட்டும் ஜெர்மன் வரிசை. யோனாஸுக்கு ஒரு பக்கம் ஜெர்மன்ல சொல்லிக்கிட்டே எங்களுக்கு இந்தப் பக்கம் தமிழ்ல சொன்னா. போங்க, சந்தோஷமா இருங்க, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லைன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் அப்பளத்தை ஒடிச்சிக்கிட்டு இருந்தா.

"நான் நாய்க்குட்டி கேட்டேன்ல, நாலாவது படிக்கறப்ப. எப்படியும் போகப் போறோமேன்னு சொன்னீங்க. நான் அந்தக் கிளாஸ்ல யாரையும் பெஸ்ட் ஃபிரண்டா வெச்சிக்கலைம்மா. போகப் போறோமேன்னு."

சிரிச்சிக்கிட்டுதான் சொன்னா. குறை சொல்ற பொண்ணு இல்லை அவ. மாமா எழுந்து போயி ஐஸ்கிரீம் எடுத்துக்கிட்டு வந்தாரு. நான் சோபாவையும் திரையையும் பத்திப் பொலம்பிக்கிட்டு இருந்திருக்கேன், இந்தப் புள்ள இதை வெச்சிக்கிட்டு வளர்ந்திருக்குது. அன்னைக்கு எனக்குள்ள ஒண்ணு கெட்டிப்பட்டுது. கடலூரோ சிதம்பரமோ, எதுவானாலும் இந்தத் தடவ முடிச்சிட்டுத்தான் மறுவேலை.

4

தை பொறக்கறதுக்கு முன்னாடியே சிதம்பரம் போயிட்டோம். என் தம்பி சேகர் வீடு வடக்கு வீதிக்குப் பின்னால. கீழ அவன் குடும்பம், மாடி போர்ஷன் எங்க சாமானுக்கு. ஆமா, ஆளுக்கு இல்லை, சாமானுக்கு.

ஜெர்மனியில எதையும் வாங்காத எங்க மாமா, ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்கி வாங்கிக் கொண்டாந்து அந்த மாடியில அடுக்குவாரு. திரும்பி வந்தப்புறம் வேணும்ல, அதுக்கு. தம்பி பாவம், ஒரு வார்த்தை சொல்லாம மாடியைப் பூட்டி வெச்சிருந்தான். இப்ப அவன் பையனுக்குக் கல்யாணம் கூடி வருது, புதுப் பொண்ணு மாடியில இருக்கட்டும்னு ஆசை. நேரா கேக்க வாய் வரலை அவனுக்கு. "மாமா, நீங்க வந்து இருந்தா எனக்குச் சந்தோஷம். இல்லன்னா சொல்லிடுங்க, வெள்ளையடிச்சிடறேன்"னு நிறுத்திட்டான். பாத்துச் சொல்றேன் மச்சான்னு இவரு நழுவிட்டாரு.

மறுநாள் மாடியைத் தொறந்தோம். சாமி, அதைப் பார்க்கணும் நீங்க. வாத்து இறகு அடைச்ச ரஜாய் ரெண்டு, சிதம்பரத்து வெயிலுக்கு. ரொட்டி அறுக்கற கத்தி பாக்ஸோட. சுவத்தைத் தொளைக்கற மெஷின், வீடே இல்லாம. பாலாடைக்கட்டி உருக்கற ஒரு சட்டி. பனி தள்ற ஒரு மண்வெட்டி கூட இருந்துது. இது எதுக்குன்னு தம்பி பொண்டாட்டி கேட்டா. மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தா தள்ளலாம்னு வாங்கினேன்னாரு இவரு, கடலூர் வீட்டுக்கு. பாத்தீங்களா, வெள்ளம் வரும்னு ஒத்துக்கிட்டாருன்னு நான் புடிச்சிக்கிட்டேன். அவ சிரிச்சிச் சிரிச்சிப் படியிலயே உக்காந்துட்டா.

சிதம்பரம் எனக்கு நல்லாத்தான் இருந்துது. விடிய விடிய மேளம், காலையில சம்பா சாதமும் கொத்சும், வீதியில ரெண்டு சுத்து. ஆனா ரெண்டாம் நாளே ஒண்ணு கவனிச்சேன். பாக்கறவங்க எல்லாரும் எப்ப வந்த, எப்ப போறன்னு ஒரே மூச்சுல கேக்கறாங்க. போகாம இருக்கப் போறேன்னு சொன்னா, ஏன், அங்க ஏதாவது பிரச்சினையான்னு குரலைத் தாழ்த்தறாங்க. என்னோட படிச்சவங்கள்ல பாதிப் பேரு சென்னைக்கு, பெங்களூருக்குன்னு மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் எந்த ஊருக்குத் திரும்பி வரணும்னு அடம் புடிச்சேனோ, அந்த ஊருக்காரங்களே வேற ஊர்ல இருக்காங்க. இதை நான் மாமாகிட்ட சொல்லலை. சொன்னா அவரு பக்கம் ஜெயிச்சிடும்ல.

5

கடலூர்ல வீடு பாக்கப் போன நாளு ஆத்துத் திருவிழா. தை அஞ்சாம் நாளு, எங்க பக்கத்துல சுத்து வட்டாரத்துச் சாமியெல்லாம் பெண்ணையாத்துக்கு வந்துடும். பொங்கலை விட எங்க மாமாவுக்கு அதுதான் பெருசு. வீட்டைப் பார்த்துட்டு ஆத்துக்குப் போகலாம்னு திட்டம்.

வீடு மஞ்சக்குப்பத்துல. புரோக்கர் தொறந்து காட்டினாரு. நான் ஹாலைப் பாக்கலை, மொட்டை மாடியைப் பாக்கலை, நேரா சமையக்கட்டுக்குப் போனேன். கருப்பு கிரானைட் மேடை. ஜன்னலைத் தொறந்தா பக்கத்து வீட்டு முருங்கை. நான் மேடை மேல கையை வெச்சிப் பார்த்தேன், எக்கவே இல்லாம வெச்சேன். குழாயைத் தொறந்து மூடினேன். இந்த எடத்துல நின்னு நான் சமைக்கலாம்னு தோணிச்சி. சிதம்பரம் எனக்கு அந்த நிமிஷமே மறந்துபோச்சு. பொய் சொல்லலை, அவ்வளவு சுலபமா மறந்துபோச்சு.

ஆத்துல என்னா கூட்டம். மணல் தெரியலை, தலைதான் தெரியுது. ஒவ்வொரு ஊர்ச் சாமியும் டிராக்டர்ல, மாட்டு வண்டியில, சின்ன தேர்ல வந்து வரிசையா நிக்குது. ராட்டினம், பலூன், கரும்புச் சாறு, பிளாஸ்டிக் குடம். சுருளிக் கிழங்கு விக்கற பொம்பளைங்க மணல்ல சாக்கு விரிச்சி குவிச்சி வெச்சிருந்தாங்க. இந்தக் கிழங்கு வாங்காம யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. மாமாவுக்குச் சின்னப் புள்ளையாட்டம் முகம். ரெண்டு கை நெறைய கிழங்கு வாங்கிட்டு வந்து, கொஞ்சம் ஓரமா நெழலா இருந்த எடத்துல உக்காந்தாரு. நான் பக்கத்துல உக்காந்தேன். இதுதான் நேரம்னு சொல்லிட்டேன்.

"சரி மாமா. நீங்க சொன்ன மாதிரியே கடலூரு. அந்த வீடு எனக்குப் புடிச்சிருக்குது. புரோக்கர்கிட்ட சொல்லிடுங்க."

துள்ளிக் குதிப்பாருன்னு நெனைச்சேன். அவரு கிழங்குல ஒட்டியிருந்த மண்ணை நகத்தால சுரண்டினாரு. சுரண்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம், அந்தத் தெரு கொஞ்சம் பள்ளம்னாரு. கெடிலம் ரொம்பிச்சின்னா முதல்ல தண்ணி அங்கதான் வருமாம். புயலு வேற இப்பல்லாம் ஜாஸ்தியாம். முதுநகர் பக்கம் காத்து திரும்புனா வாடை வருதுன்னு டீக்கடையில பேசிக்கினாங்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பாண்டிச்சேரிக்குத்தான் ஓடணுமாம். கொசு வேற.

நான் வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தேன். அத்தனையும் நான் சொன்னது. வருஷக்கணக்கா ஞாயித்துக்கிழமை குசுகுசுன்னு நான் சொன்னதை, ஒரு வார்த்தை மாறாம, அவரு பெண்ணையாத்து மணல்ல உக்காந்துக்கிட்டு எனக்கே சொல்றாரு.

எனக்குச் சிரிப்பும் வந்துது, பகீர்னும் இருந்துது. அப்ப சிதம்பரமான்னு கேட்டேன். அதுக்கும் தலையாட்டலை. உங்களுக்கு ஊருக்கே திரும்பி வர வேணாமான்னு நேரா கேட்டேன். இத்தனை வருஷம் அவரைப் பார்த்து யாரும் கேக்காத கேள்வி அது, நானும் கேட்டதில்லை. எந்த ஊருன்னுதான் சண்டை போட்டோமே ஒழிய, போகணுமான்னு ஒரு நாளும் பேசலை. ஒருத்தர் சரின்னுட்டா இன்னொருத்தர் மாட்டிக்குவோம்னு ரெண்டு பேருக்குமே உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கும்போல.

அவரு ஆத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஒரு சாமியை மேளம் அடிச்சி தண்ணிக்கு எறக்கிக்கிட்டு இருந்தாங்க. அது முடிஞ்சதும் என் பக்கம் திரும்பினாரு.

"இங்க வந்துட்டா, அப்புறம் நான் எந்த ஊருக்குப் போகணும்னு நெனைச்சிக்கினு இருக்கறது, கலா?"

கோவப்படலாம்னு பார்த்தேன், கோவம் வரலை. அங்க குளிர்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது, கம்பெனியில ஏதாவது பேச்சு வாங்கிட்டு வரும்போது, இந்த ஆத்தை நெனைச்சிக்கிட்டுத்தான் இந்த மனுஷன் காலத்தை ஓட்டியிருக்காரு. வந்து குடியேறிட்டா இது ஒரு ஆறு. குப்பை போடறாங்க, மணல் எடுக்கறாங்கன்னு தெனம் பொலம்பவேண்டிய ஒரு ஆறு. எனக்கு அவரு மேல அப்படி ஒரு பாசம் வந்துது. கூடவே அந்தக் கருப்பு மேடையும் முருங்கை மரமும் கண்ணு முன்னால வந்துது. அதுக்குத்தான் அழுதேன், கொஞ்சமா. அவரு ஊர்க்காரங்க பாக்கறாங்கன்னு பதறிப்போயி ஒரு கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாரு.

புரோக்கருக்கு அவரே போன் பண்ணி, வாஸ்து சரியில்லைன்னுட்டாரு. வாஸ்துன்னா என்னன்னு தெரியாத மனுஷன்.

சிதம்பரம் திரும்பி வந்ததும், யாரும் சொல்லாம மாடி ஏறி சாமானை எறக்க ஆரம்பிச்சாரு. தொளைக்கற மெஷின் தம்பிக்கு. ரொட்டிக் கத்தி தம்பி பொண்டாட்டிக்கு, அவ அதுல பலாப்பழம் அறுக்கலாம்னு சொல்லிக்கிட்டா. ரஜாய் ரெண்டும் கல்யாண ஜோடிக்கு, ஏசி போட்டுட்டுப் போத்திக்கட்டும்னு. மண்வெட்டியை மட்டும் யாரும் கேக்கலை. தம்பி என்னைத் தனியா கூப்பிட்டு, மாமா முடிவு என்னக்கான்னு கேட்டான். வெள்ளையடிச்சிக்கடான்னேன். மாமா வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லலை. வர்ற வரைக்கும், ஏர்போர்ட்ல பெட்டி போடற வரைக்கும், முடிவுன்னு ஒரு வார்த்தை அவரு சொல்லலை. தெரியும், ஆனா சொல்லலை.

6

திரும்பி வந்து ரெண்டு வாரம் ஒத்தைத் தட்டு அடுப்புலயே ஓடிச்சி. ஒரு சனிக்கிழமை காலையில மாமா பல்லு விளக்கிக்கிட்டே, சமையக்கட்டுக் கடைக்குப் போயிட்டு வரலாமான்னு கேட்டாரு. சும்மா பாத்துட்டு வரலாம்னு சேத்துக்கிட்டாரு. என் காதுல விழுந்தது நெசந்தானான்னு சந்தேகத்துல ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.

பெரிய கடை. சமையக்கட்டு சமையக்கட்டா வரிசையா நிக்குது, உள்ள ஆளுங்கதான் இல்லை. எங்களுக்கு அளவு எடுக்க ஒரு அம்மா வந்தாங்க, நடுத்தர வயசு, மூக்கு நுனியில கண்ணாடி. வீட்ல யாரு சமைக்கறதுன்னு கேட்டாங்க. நான்தான்னேன். அப்ப நீங்க வாங்கன்னு என்னை நேரா நிக்க வெச்சி, செருப்பைக் கழட்டச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொன்னாங்க. தரையிலேருந்து என் முழங்கை வரைக்கும் டேப் புடிச்சாங்க. அதுலேருந்து அரை ஜாண் கொறைச்சா உங்களுக்குச் சரியான மேடை, குனியவும் வேணாம், எக்கவும் வேணாம்னு சொன்னாங்க. மாதிரிக்கு வெச்சிருந்த ஒரு மேடையை பட்டனை அமுக்கி அந்த உயரத்துக்கு எறக்கினாங்க. கையை வெச்சிப் பாருங்கன்னாங்க.

வெச்சேன். தோளு தானா எறங்கிச்சி. இத்தனை வருஷமா தூக்கிப் புடிச்சிக்கிட்டே இருந்திருக்கேன், அதுவே எனக்குத் தெரியலை. அவ்வளவுதான், கண்ணுல தண்ணி கொட்டுது. அந்த அம்மா பயந்துபோயி பேப்பர் நாப்கினை நீட்டினாங்க. வெலையைப் பார்த்து அழறேன்னு நெனைச்சிட்டாங்க போல, இதைவிட மலிவாவும் இருக்குதுன்னு அவசரமா சொன்னாங்க. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

அப்புறம் அவுங்க ஒரு சந்தேகம் கேட்டாங்க. வாடகை வீடுன்னு சொன்னீங்களே, இவ்வளவு தாழ்வா மேடை போட்டா, நீங்க காலி பண்ணிட்டுப் போகும்போது அடுத்து வர்றவங்க இதை வாங்க மாட்டாங்களே, பரவாயில்லையா? கொஞ்சம் பொதுவான உயரமா போட்டுக்கலாமேன்னாங்க. அவுங்க சொல்றது நியாயம். நானும் அதுவே போதும்னு சொல்ல வாயெடுத்தேன்.

மாமா முந்திக்கிட்டாரு. ஜெர்மன்ல, நிதானமா, இலக்கணம் பிசகாம சொன்னாரு.

"இவ உயரத்துக்கே போடுங்க. நாங்க காலி பண்ணப் போறதில்லை. நாங்க எங்கயும் போகலை."

அந்த அம்மா தலையாட்டிட்டு எழுதிக்கிட்டாங்க. அவுங்களுக்கு அது ஒரு அளவு, அவ்வளவுதான். நான் மேடையைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். சிதம்பரத்துல தம்பி கேட்டான், கடலூர்ல நான் கேட்டேன், ஆபீஸ்ல அந்தச் சின்னப் பொண்ணு கேட்டா. யாருக்கும் சொல்லாததை முன்ன பின்ன தெரியாத ஒரு கடைக்காரம்மாகிட்ட சொல்லிட்டாரு.

வெளிய வந்து வண்டியில ஏறினோம். நான் பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, உள்ள சொன்னதை ஒரு தடவ தமிழ்ல சொல்லுங்க மாமான்னு கேட்டேன். அவரு சாவியைப் போட்டாரு, திருப்பலை. கண்ணாடியைத் தொடைச்சாரு. எதுக்கு, ஒரு தடவ சொன்னா போதாதான்னாரு. போதாதுன்னேன். தொண்டையைச் செருமினாரு, வாயைத் தொறந்தாரு, என்னைப் பார்த்தாரு, மூடிக்கிட்டாரு. அப்புறம் வண்டியைக் கெளப்பி, வர்ற தைக்கு இப்பவே டிக்கெட் போட்டா மலிவா கெடைக்கும்னாரு. சரின்னேன்.

சமையக்கட்டு பங்குனியில வருது. திரைத் துணிக்கு அளவு எடுத்தாச்சு. இனியாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அவ, அப்ப ஒரு நாய்க்குட்டி வாங்கலாமான்னு கேட்டா. எங்கயும் போகலைங்கற வார்த்தையை மாமா இன்னும் தமிழ்ல சொல்லலை. நான் அவரைக் கேக்கறதையும் விட்டுட்டேன். ஏன்னா, அவரு கடைக்குப் போயிருந்த ஒரு நாளு, வீட்ல யாருமில்லாதப்ப, நான் அதைத் தமிழ்ல சொல்லிப் பார்த்தேன். எனக்கும் வாய்க்கு வரலை.